குந்தாலியும் துப்பாக்கியும்

ஆற்காட்டுச் சீமையின் பட்டாளத்தார் – 9

வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலத் தளபதி கூட் முறியடித்த கதையோடு சென்ற இதழ் முடிந்தது. அது 1760 ஜனவரி. இனி ஏழு ஆண்டுகளைத் தாண்டி, தென்மேற்கே திருவண்ணாமலைக்கு வருவோம்.

1767 செப்டம்பர். மைசூரின் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கைகோத்துக்கொண்டு கிழக்கே இறங்கிய நேரம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித். செப்டம்பர் 3 அன்று செங்கம் கணவாயில் கைகலப்பு. ஸ்மித்தின் சிப்பாய்கள் குன்றையும் ஊரையும் விடாமல் பிடித்து நின்றார்கள். சண்டையில் வென்றும் சோற்றுக்கு வழியில்லை. திருவண்ணாமலைக்குப் போனால் அரிசி தயாராக இருக்கும் என்று ஆற்காட்டு நவாப் முகமது அலியின் தரப்பில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வந்து பார்த்தால் அரிசி இல்லை. சண்டையிட்டுக் களைத்த படை, தானியம் தேடி மறுபடி நடந்தது. கர்னல் வுட்டின் படையும் வந்து சேர்ந்த பிறகு, செப்டம்பர் 26 அன்று திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் பெரிய சண்டை நடந்தது. எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிதாக இருந்த ஹைதர்–நிஜாம் படைகள் பீரங்கிகளைப் போட்டுவிட்டுப் பின்வாங்கின. மனம் மாறிய நிஜாம் 1768 பிப்ரவரியில் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஹைதர் விடவில்லை. 1769-ல் சென்னையின் வாசல்வரை வந்து, தன் நிபந்தனையைச் சொல்லி ஒப்பந்தம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதல் மைசூர்ப் போர் என்று இரண்டு வரியில் முடிந்துபோகும் இந்தச் சண்டையில் ஸ்மித் பெயர் இருக்கிறது, ஹைதர் பெயர் இருக்கிறது. இன்றைக்குக் கிரிவலம் போகிறவர்கள் நடக்கிற அதே செங்கம் சாலைப் பக்கமாகப் பசித்த வயிற்றோடு வந்து நின்ற சிப்பாய்கள் யார் என்பதுதான் இந்த அத்தியாயம். அவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றி நம்மூரில் பேசவே மாட்டோம். பேசினாலும் அரைக்குரலில் பேசுவோம்.

மெட்ராஸில் கம்பெனி தன் சிப்பாய்களைப் பட்டாலியன்களாக ஒழுங்குபடுத்தத் தொடங்கியது 1758-ல். வங்காளப் படை பிற்காலத்தில் அவத்துப் பக்கத்துப் பிராமணர், ராஜபுத்திரர் என்று உயர்சாதிப் படையாகவே வளர்ந்தது. மெட்ராஸ் படை அப்படி வளரவில்லை. தெலுங்கர், முஸ்லிம்கள், தமிழ் உழவர் சாதியார், பறையர், பிறகு கிறிஸ்தவர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பேச்சு மெட்ராஸ் படையில் பெரிதாக எழுந்ததில்லை. எகிப்துக்கும் ஜாவாவுக்கும் சீனத்துக்கும் கப்பலேறினார்கள்.

ஆனால் படைக்குள் இருந்த எல்லாரும் ஒரே படியில் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குக் காலாட்படையின் கதவு சில காலம் திறந்தது, சில காலம் மூடியது. அவர்களுக்கு எப்போதும் திறந்திருந்த கதவு வேறொன்று. அது திறந்த கதையிலும் நம் மாவட்டத்துக்குப் பங்குண்டு.

1780 ஜூலையில் ஹைதர் அதே செங்கம் கணவாய் வழியாக மறுபடி இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. கம்பெனிக்கு அதுவரை விழாத அடி. அந்த மாதக் கடைசியில், செப்டம்பர் 30 அன்று, சென்னைக் கோட்டையில் பயனீர் கம்பெனிகள் இரண்டு அமைக்கப்பட்டன. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, அகழி தோண்டுவது, கோட்டைச் சுவரில் ஏணி வைப்பது அவர்கள் வேலை. சண்டை நடக்கும்போதே, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இதையெல்லாம் செய்ய வேண்டும். அந்த இரண்டு கம்பெனிகள்தான் 1831-ல் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் ஆகி, இன்றைக்குப் பெங்களூரில் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவாக நிற்கின்றன. பட்டாளத்தில் அவர்களுக்கு இன்றைக்கும் செல்லப்பெயர் ‘தம்பி’. அவர்கள் போர்க்கௌரவப் பட்டியலில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. அசாயே, ஜாவா, லக்னோ, பீக்கிங், அபிசீனியா, தெல்-எல்-கெபீர் எல்லாம் இருக்கின்றன. ஒரு பட்டாளத்தானின் பார்வையில் பாதி உலகம் அது.

இந்தப் படையில் பெரும் பங்கு பறையரும் கிறிஸ்தவரும். மண்வெட்டியும் குந்தாலியும் பிடிக்கிற வேலை மேல்சாதிச் சிப்பாய்க்கு இழுக்காகத் தெரிந்தது. அதனால் அந்த வேலை யாருக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஏரிக்கரையை உயர்த்தியவர்களும் வாய்க்கால் தூர்வாரியவர்களும் இங்கே அகழி வெட்டினார்கள். ஒரே வித்தியாசம், இங்கே இடுப்பில் பெல்ட்டும் தோளில் துப்பாக்கியும் இருந்தன. மாதம் பிறந்தால் ரொக்கம் கைக்கு வந்தது.

அந்த ரொக்கம் என்ன பெரிய தொகை என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். 1895-ல் 9 ஆயிற்று, 1911-ல் 11. இதிலேயே சாப்பாட்டுச் செலவும் துணிச் செலவும் போகும். ஆனால் அதே காலத்து ஆற்காட்டு, செங்கல்பட்டுச் சேரியில் ஒரு படியாள் என்ன வாங்கினான்? களத்தில் அளந்து போடுகிற தானியம். வாங்கிய கடனுக்குத் தானும் உழைத்து, மகனையும் விட்டுப்போனான். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை இந்த அடிமைத்தனத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து எழுந்து பெங்களூர் போய், ரொக்கச் சம்பளம் வாங்கி, கடைசியில் பென்ஷனோடு வந்தவன் தன் சேரிக்குள் எப்படி நடந்திருப்பான்!

இனிமேல்தான் கதை கசக்கிறது.

1881-லிருந்து 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. தென்னிந்தியச் சிப்பாய்களின் பழைய வீரம் நெடுங்கால அமைதியில் மங்கிவிட்டது என்பது அவர் முடிவு. 1897-ல் வெளிவந்த தன் நினைவுநூலிலும் அதை எழுதினார். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர் ஆகியோர் போர்க்குணம் கொண்ட இனங்கள், மற்றவர்கள் அப்படியல்ல என்ற கொள்கை அவர் காலத்தில் சட்டம்போல ஆயிற்று. 1857-ல் 52 காலாட்படைப் பிரிவுகள் வைத்திருந்த மெட்ராஸ், ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை இழந்தது. 1920-கள் முடிவதற்குள் மெட்ராஸ் காலாட்படை என்று ஒன்றுமே மிஞ்சவில்லை.

இந்தக் கொள்கையின் அடி எல்லாச் சாதியார்மீதும் விழுந்தது. தீண்டாமைக்கு உள்ளானவர்கள்மீது இரட்டை அடியாக விழுந்தது. மேற்கே பம்பாய்ப் படையில் மகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்தவர்கள். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகாவில் பேஷ்வாவின் பெரும்படையை ஒரு சிறு படை நாள் முழுக்கத் தடுத்து நின்றதே, அதில் இறந்த மகர் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் இருக்கின்றன. அந்த மகர்களுக்கு 1890-களின் தொடக்கத்தில் படைக்கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர்; மௌவில் ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அங்கேதான் 1891-ல் அம்பேத்கர் பிறந்தார். மகன் பிறந்த அடுத்த சில வருடங்களிலேயே, தந்தை பார்த்த உத்தியோகம் மகனின் சாதிக்குக் கிடையாது என்றாகிவிட்டது. ஓய்வுபெற்ற மகர் சிப்பாயான கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து 1894-ல் விண்ணப்பம் எழுதினார். பலிக்கவில்லை.

மெட்ராஸில் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை, ஒருக்களித்து வைக்கப்பட்டது. 1883-ல், அதாவது ராபர்ட்ஸ் இங்கே இருந்தபோதே, மெட்ராஸ் காலாட்படையின் 1-ஆம், 4-ஆம் பிரிவுகளைப் பயனீர்களாக மாற்றினார்கள். இரண்டுமே கம்பெனி முதன்முதலில் திரட்டிய பட்டாலியன்களின் நேர் வாரிசுகள். இரண்டின் கொடியிலும் ‘கர்நாடிக்’ என்ற போர்க்கௌரவம் இருந்தது, அதாவது இந்த ஆற்காட்டு மண்ணில் நடந்த போர்களுக்கான கௌரவம். பிறகு 61, 64 பயனீர்ஸ் என்று பெயர் மாறின. 81 பயனீர்ஸ் மூன்றாவது. பயனீர் சிப்பாயின் உடுப்பைப் பார்த்தால் விஷயம் விளங்கும். மற்ற காலாட்படை வீரன் சுமக்கிற துப்பாக்கி, தோட்டா எல்லாம் அவனுக்கும் உண்டு. அதோடு குந்தாலியோ மண்வெட்டியோ ஒன்று கூடுதல். பாதை போட வேண்டியது அவன், பாதையைத் தாக்கினால் சுட வேண்டியதும் அவன்.

ஆள் எடுப்பதிலும் வகுப்புவாரிக் கணக்கு வந்தது. படைப் பட்டியலில் மெட்ராஸ் முஸ்லிம்கள் என்று ஒரு வரிசை, தமிழர் என்று ஒரு வரிசை, பறையரும் கிறிஸ்தவரும் என்று தனி வரிசை. தமிழர் வரிசையில் பறையருக்கு இடமில்லை! ஊரையும் சேரியையும் பிரித்த கோடு அப்படியே கம்பெனிவாரியாகப் பட்டாளத்துக்குள் இழுக்கப்பட்டது. வெள்ளைக்காரன் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கிராமத்தில் பழக்கமாக இருந்ததை அச்சிட்ட விதியாக மாற்றிய பொறுப்பு அவனுக்கு உண்டு.

இதே நாடகம் உலகின் மறுகோடியில் நிறத்தின் பேரில் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய 1,79,000 கறுப்பினத்தவர் வடக்குத் தரப்புப் படையில் சேர்ந்தார்கள். தனிப் படைப்பிரிவுகள், மேலே வெள்ளை அதிகாரிகள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம். மாசசூசெட்ஸின் 54-ஆம் பிரிவினர், சமமாகக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லையேல் வேண்டாம் என்று சம்பளத்தையே தொடாமல் சண்டை போட்டார்கள். 1864-ல்தான் சமச் சம்பளம் வந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது துறைமுகத்தில் மூட்டை இறக்குவதும் பாதை போடுவதும்தான். நியூயார்க்கின் ஹார்லெமிலிருந்து சென்ற 369-ஆம் படைப்பிரிவை அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக் கட்டளையின் கீழ் அவர்கள் 191 நாள் போர்முனையில் நின்று, பிரான்சின் குருவா தெ கேர் விருதோடு ஊர் திரும்பினார்கள். திரும்பிய 1919-ன் கோடையில் அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். படையில் இனப் பிரிவினைக்கு முடிவுகட்டும் ஆணையில் டுரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26 அன்று. இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்கு லெடோ சாலையை வெட்டிய அமெரிக்கச் சிப்பாய்களிலும் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரே. இந்திய மண்ணிலும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது குந்தாலி.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வாசகர்கள் சிலர் கடிதத்திலும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நான் கம்பெனியைக் கொண்டாடவில்லை. கம்பெனி இந்த நாட்டைச் சூறையாடியது. இந்தத் தொடர் முழுக்க அதைச் சொல்லியே வருகிறேன். ஆனால் அந்தக் கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். கம்பெனிக்குப் பணம் கொடுத்த வணிகரிடமும் துபாஷியிடமும் ஜமீன்தாரிடமும் யாரும் இத்தனை கறாராகக் கேட்பதில்லை. கோயில் தெருவில் நடக்க விடாத, பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடாத ஊரைவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவனிடம் மட்டும் தேசபக்திக் கணக்குக் கேட்பது நியாயமா? எந்தத் தேசம் அவனைத் தன் ஆள் என்று சொல்லியிருந்தது? அண்ணாமலையார் கோயில் 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டையாகவே பயன்பட்டு, பலமுறை கைமாறியது. அந்த மதில்களைச் சுற்றிச் சண்டை நடந்தபோதும், அடுத்து வந்த நூற்றைம்பது ஆண்டுகளும், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட வழியில்லை. அதற்குச் சட்டம் வந்ததே 1939-லும் 1947-லும்தான். சட்டம் வந்த பிறகும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று.

பட்டாளம் அவர்களுக்கு என்ன கொடுத்தது, அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படைப்பிரிவுப் பள்ளிகளில் சிப்பாயும் சிப்பாயின் பிள்ளைகளும் எழுத்துக் கற்றார்கள். படை போன இடத்தில் எல்லாம் தமிழ்க் குடியிருப்புகள் உண்டாயின. பெங்களூர் கண்டோன்மெண்ட், செகந்திராபாத், நாக்பூருக்குப் பக்கத்துக் காம்ப்டி, ரங்கூன் ஆகிய ஊர்களில் எல்லாம் மெட்ராஸ் பட்டாளத்தை ஒட்டிப் போய்த் தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு எங்கெங்கே கிளைகள் கிளம்பின என்று பாருங்கள்: பெங்களூர், கோலார் தங்கவயல், ஹூப்ளி, செகந்திராபாத், ரங்கூன். கண்டோன்மெண்டும் ரயிலும் சுரங்கமும் இருந்த ஊர்கள். மாதச் சம்பளக்காரன் சந்தா கட்ட முடியும், பத்திரிகை வாங்க முடியும், மாலையில் கூட்டத்துக்கு வர முடியும். படியாளால் முடியாது. 1907-ல் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையின் வாசகர்களில் இந்த ஊர்க்காரர்கள் நிறைய. நம் சமூக நீதி அரசியலின் முதல் செங்கற்களில் சிலவற்றைச் சுமந்தவர்கள் இந்தப் பட்டாளத்துக் குடும்பங்கள். அதை எழுதுகிறவர்கள் குறைவு.

1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுபேதார் மகன் அம்பேத்கர். மற்றவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கர் தன் உரையில் பிரிட்டிஷாரை நேருக்கு நேர் கேட்டார்: நீங்கள் வருவதற்கு முன் எங்களால் கிணற்றில் நீர் எடுக்க முடியவில்லை, கோயிலுக்குள் போக முடியவில்லை, நூற்றைம்பது வருடத்தில் இது மாறியதா? போலீஸிலும் ராணுவத்திலும் எங்களுக்கு இடமிருக்கவில்லை. அந்தக் கதவாவது திறந்திருக்கிறதா? எந்தப் படையின் தோளில் ஏறி அவர்கள் ராஜ்யம் பிடித்தார்களோ, அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர்களின் சார்பில் கேட்கப்பட்ட கேள்வி அது. மூன்றே ஆண்டில் வந்த பதில் இது: சிக்கன நடவடிக்கை என்று சொல்லி 1933-ல் இந்தியாவின் பயனீர் படைகள் எல்லாவற்றையும் கலைத்தார்கள். மெட்ராஸ் பயனீர்ஸும் போயிற்று. ஒடுக்கப்பட்ட மசபி சீக்கியர்களின் சீக்கிய பயனீர்ஸும் போயிற்று. 175 ஆண்டுப் பாரம்பரியம் ஒரே உத்தரவில் முடிந்தது. சாப்பர்ஸ் மட்டும் தப்பியது.

ஆறே வருடத்தில் அடுத்த உலகப் போர். போர்க்குண இனங்களை மட்டும் வைத்து அதை நடத்த முடியாது என்று தெரிந்ததும் எல்லாக் கதவுகளும் திறந்தன. 1941-ல் மகர் ரெஜிமெண்ட் எழுந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபிறவி எடுத்தது. 1943-ல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிந்த மறுவருடம், 1946-ல், அதையும் கலைத்தார்கள். வேலை இருக்கும்வரை வா, முடிந்ததும் போ என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வடாற்காட்டிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் திரளானோர். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மின்யானோவில் வெடிக்கப்போகும் கண்ணிவெடிமீது தானே விழுந்து உடன் இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். போர்க்குணம் இல்லாதவர்கள் என்று தள்ளப்பட்ட மண்ணின் மனிதர்!

கடைசியாகப் பெயர்களைப் பற்றி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப் போருக்கான சிறு சலவைக்கல் பலகைகளைப் பார்க்கலாம். பழைய தாலுகா கச்சேரிச் சுவரிலோ மணிக்கூண்டிலோ பதித்திருப்பார்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். போனவர்களின் எண்ணிக்கை இருக்கும். ஒருவர் பெயரும் இருக்காது. இராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் இதே கதை. மெசொப்பொத்தேமியாவில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாத பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவர் பெயரும் அதில் செதுக்கப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள், அந்த எண்ணிக்கை 3,50,000 வரைகூடப் போகலாம் என்கிறது அறிக்கை.

இந்தப் பெயர்களில் பலவற்றை இன்னும் மீட்க முடியும். உங்கள் வீட்டில் தாத்தாவின் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்லக் கேட்டிருந்தால், பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம், மெடல் எது கிடைத்தாலும் போதும். முதல் உலகப் போர் மெடலின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். அதைத் தாளில் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வரும் அத்தியாயங்களில் ஊர்வாரியாக வெளியிடுவோம். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி வட்டங்களிலிருந்து தொடங்கலாம்.

(தொடரும்)